தனி வண்டி வேண்டாம் என்றவர்

கடற்கரைக்குப் பேர்தான் கடற்கரை. பிறந்தது, வளர்ந்தது, பிழைத்தது எல்லாம் மலையடிவாரத்தில். பிள்ளையில்லாமல் தவித்த தகப்பனார் திருச்செந்தூருக்கு நடந்தே போய் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பேர். வீடு தென்காசியில், தொழில் குற்றாலத்தில். லாட்ஜுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதை ஒரு தொழில் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்கள் ஒரு சீசனுக்கு வந்து ஐந்தருவி ரோட்டில் அவரோடு நின்று பார்க்க வேண்டும்.

சாரல் விழ ஆரம்பித்தால் மனிதர் வீட்டில் தங்கமாட்டார். ஒரு கையில் குடை, மறு கையில் போன். வெளியூர் நம்பர் வண்டி எது வந்தாலும் அது வருகிற வேகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், இது ரூம் தேடுகிற வண்டி, இது குளித்துவிட்டு கேரளா பார்டரில் புரோட்டா தின்றுவிட்டு ராத்திரியே ஊர் திரும்புகிற வண்டி என்று. ரூம் தேடுகிற வண்டியை அவர் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

அவர் அதிகமாக ஆள் சேர்த்துக் கொடுத்தது அகமது கபீர் பாயின் லாட்ஜுக்கு. அங்கே உள்ள ரூம் எல்லாம் ஒரே கொத்தனார் கட்டியது, மழை பெய்தால் ஒரே மாதிரி ஒழுகுவது. அதில் பாதிக்கு டீலக்ஸ் என்று பேர் சூட்டியது கடற்கரைதான். சனிக்கிழமை காலையில் போர்டு ஏறும். கட்டிலில் பூப்போட்ட விரிப்பு, டிவி மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா, குளியலறையில் உறை பிரிக்காத சின்னச் சோப்பு ரெண்டு. திங்கட்கிழமை கூட்டம் வடிந்ததும் போர்டு இறங்கும், ரோஜா பீரோவுக்குள் போகும், ரூம் பழையபடி சாதா ரூம் ஆகிவிடும்.

கபீர் பாய் பயந்த சுபாவம். "ஓய், என்னைக்காவது எவனாவது சட்டையப் பிடிக்கப்போறான்" என்பார்.

"ஒருத்தனும் பிடிக்கமாட்டான் பாய். நாம என்ன பொய்யா சொல்லுதோம்? ஆளுக்கு ஒரு ஆசை இருக்கும்லா, அதுக்கு ஒரு பேரு வச்சுக் குடுக்கோம். போகும்போது சந்தோசமாத்தான போறான்."

அது வாஸ்தவம்தான். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. இப்படியே வருஷங்கள் போகப் போக கடற்கரைக்கு ஒரு ஞானம் முற்றிவிட்டது. உலகத்தில் சரக்கு ஒன்றுதான், பேர்தான் ரெண்டு. ஓட்டலில் ஏசி ஹால், ரயிலில் மேல்வகுப்பு, கோயிலில் சிறப்பு தரிசனம், எதைக் காட்டினாலும் ஒரு சிரிப்புச் சிரிப்பார். தன்னைப் போல் பிறரை நினை என்று பெரியவர்கள் சொன்னதை அவர் அளவுக்குக் கடைப்பிடித்தவர் யாரும் இருக்க முடியாது.

அவர் மனைவி முப்பிடாதியம்மாள் பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து பீடி சுற்றுகிறவள். மடியில் பீடித்தட்டு, குனிந்த தலை, வளைந்த முதுகு. அதே இருப்பில் ஒரு பிள்ளையை வளர்த்து, படிக்கவைத்து, வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டாள். கொஞ்ச வருஷமாக எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, "எய்யா முருகா" என்று ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் நிமிர்வாள். எலும்பு தேய்ந்துகொண்டு வருகிறது, மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நினைப்பு வந்தால் சாப்பிடுவாள்.

குளிப்பதற்கு ஊரே குற்றாலம் வருகிறது. முப்பிடாதி அருவியில் நின்றது கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை. சீசன் வந்தால் புருஷனுக்கு நேரமில்லை, சீசன் போனால் அருவியில் தண்ணீரில்லை. ஊரார் வீட்டுப் பெண்டுபிள்ளைகளுக்கெல்லாம் வண்டி பிடித்து, ரூம் பிடித்து, எண்ணெய் தேய்க்க ஆள் பிடித்துக் கொடுத்த மனிதர், தன் பெண்டாட்டியைத் திருச்செந்தூர் தாண்டி எங்கும் கூட்டிப்போனதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்காதவளுக்கு ஆசை கிடையாது என்று நினைத்துக்கொள்வது நம் ஆண்களுக்குக் கைவந்த கலை.

மகன் விஜய்பாண்டிக்கு துபாயில் ஏசி மெக்கானிக் வேலை. போன தை மாதம், அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய் ஊர் காட்ட வேண்டும் என்று விசா எடுத்து டிக்கெட்டும் போட்டுவிட்டான். முப்பிடாதிக்குத் தலைகால் புரியவில்லை. ஒட்டகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா, மணல் சுடுமா, செருப்புப் போட்டுக்கொண்டு போகலாமா என்று மகனிடம் தினமும் ஒரு கேள்வி கேட்டாள்.

பயணத்துக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் விஜய்பாண்டி கூப்பிட்டான். முப்பிடாதி சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு வரக் கம்பெனிக்குப் போயிருந்தாள். கடற்கரை மட்டும் வீட்டில் இருந்தார்.

"எப்பா, பாலைவனச் சவாரிக்கு புக் பண்ணணும். பட்ஜெட்டுன்னு ஒண்ணு, பிரீமியம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு படமும் அனுப்பியிருக்கேன். நீங்கதான டூரிஸ்ட்டு லைன்ல பழம் தின்னு கொட்ட போட்டவிய, பாத்துச் சொல்லுங்க."

கடைசி வாக்கியம் கடற்கரைக்கு இனித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இதிலும் மணல், அதிலும் மணல். இதிலும் கறி சுடுகிறான், அதிலும் கறி சுடுகிறான். ரெண்டு படத்திலும் நிற்பது ஒரே ஒட்டகம், கழுத்தில் அதே சிவப்புக் குஞ்சம். பிரீமியம் படத்தில் மட்டும் மெத்தை போட்ட நாற்காலியும் மேஜையில் ஒரு பூச்சாடியும் கூடுதலாக இருந்தன. பூச்சாடியைப் பார்த்ததும் கடற்கரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏலே, இது நம்ம வேலைல்லா. கழுத விட்டையில முன்விட்ட என்ன, பின்விட்ட என்ன. பட்ஜெட்டே போடு."

"பிரீமியத்துல தனி வண்டிப்பா. அம்மாக்கு கொஞ்சம் சௌரியமா இருக்கும். கீழ என்னமோ முதுகுவலிக்காரங்களுக்குன்னு கூட எழுதியிருக்கான்."

"எழுதத்தாம்ல செய்வான். நான் கார்டுல இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர்னு எழுதியிருக்கேன், வருதா? வண்டியில தனி என்ன, கூட்டு என்ன. நாலு பேரோட போனாத்தான் உங்கம்மாக்கும் பேச்சுத்துணை."

விஜய்பாண்டி கொஞ்சம் யோசித்தான். டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் கையைக் கடித்திருந்த நேரம் அது. அப்பா சொன்னது அவனுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. "சரிப்பா, உங்களுக்குத் தெரியாததா" என்று வைத்துவிட்டான். முப்பிடாதி திரும்பி வந்தபோது கடற்கரை, "உம்மவன் ஒட்டகத்துக்குச் சொல்லிட்டான்" என்று மட்டும் சொன்னார். ரெண்டு உண்டு, அதில் ஒன்றைத் தான் தேர்ந்தெடுத்தோம் என்பது சொல்லவேண்டிய விஷயமாகவே அவருக்குப் படவில்லை.

அந்த நாளும் வந்தது. துபாயில் மகன் வீட்டு வாசலுக்கு வந்த வண்டியின் நடு சீட்டில் மூன்று வடக்கத்திப் பையன்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் என்று கடற்கரையை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏற்றினார்கள். மிச்சமிருந்தது கடைசி சீட்டு. விஜய்பாண்டி அம்மாவை அணைத்து அங்கே ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பஸ்ஸில் கடைசி சீட்டுதான் தூக்கிப் போடும் என்பது கடற்கரைக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வேறு இடம் இல்லை.

மணல் மேடு ஆரம்பித்ததும் வண்டி ஏறியது, சரிந்தது, ஒருக்களித்து வழுக்கியது. முதல் மேட்டில் கடற்கரையும் சிரித்தார், போனை எடுத்துப் படம்கூடப் பிடித்தார். ரெண்டாவது மேட்டின் உச்சியிலிருந்து வண்டி தொப்பென்று விழுந்தபோது பின்னாலிருந்து "எய்யா" என்று ஒரு சத்தம் வந்தது. அவருக்குத் தெரிந்த சத்தம்தான், ஆனால் எழுந்து நிமிரும்போது வருகிற சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்க முடியாதபடி பெல்ட் இறுக்கிப் பிடித்திருந்தது. "ஸ்லோ, ஸ்லோ" என்று டிரைவரிடம் கையைக் காட்டினார். "நோ பிராப்ளம் அங்கிள்" என்றான் அவன். பையன்கள் "மோர், மோர்" என்று கத்தினார்கள். முன்னும் பின்னும் அதே கம்பெனி வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த வரிசையை விட்டு ஒரு வண்டி மட்டும் விலகிப்போக வழியில்லை. அந்தக் கொஞ்ச நேரமும் கடற்கரை முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முருகா, நிறுத்தச் சொல்லு" என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

முப்பிடாதி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. வெளியாட்கள் இருக்கிற வண்டியில் கத்தக் கூடாது என்று மகனுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்துவிட்டாளாம். அவள் நகம் பதிந்த தடம் அவன் கையில் நாலு நாள் இருந்தது.

பாலைவன முகாமில் இறங்கியபோது அவளால் நிற்க முடியவில்லை. பட்ஜெட்காரர்களுக்குத் தரையில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். உட்காரவும் முடியாமல், சாயவும் முடியாமல், மகன் தோளில் தொங்கினாள். அப்போதுதான் பிரீமியம்காரர்களுக்கென்று பிரித்திருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றதைக் கடற்கரை பார்த்தார். அது மேட்டு வழியாக வரவில்லை. சுற்றிக்கொண்டு, சமதரையாகக் கிடந்த பாதையில் மெதுவாக வந்தது. அதிலிருந்து கைத்தடியோடு ஒரு கிழவர் இறங்கி, சட்டை கசங்காமல் நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். பேர் மட்டும் இல்லை, சரக்கும் ரெண்டுதான் என்பதைக் கடற்கரை தெரிந்துகொண்ட இடம் அதுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவருக்கு நமஸ்காரம் பண்ணக்கூடக் கை எழும்பவில்லை.

துபாய் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் ஒரு கண்ணி அமுங்கி நொறுங்கியிருந்தது. சக்கர நாற்காலியில் ஊர் கொண்டுவந்து திருநெல்வேலியில் காட்டினார்கள். எலும்பில் பலமில்லை, சர்க்கரை வேறு இருக்கிறது, ஆபரேஷன் பண்ணினால் நன்றாகிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, படுக்கையிலேயே வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். நரம்பும் நசுங்கியிருந்தது. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பாள், கிள்ளினால் தெரியவில்லை என்பாள். எப்போது நடப்பாள் என்று கேட்டதற்கு டாக்டர், "பாப்போம்" என்றார். கடற்கரை அந்த ஒரு சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று பல நாள் யோசித்தார்.

இப்போது அவருக்கு வேலை வீட்டில்தான். கஞ்சி வைப்பார், துணி அலசுவார், மூத்திரப் பாத்திரம் எடுத்துக் கொட்டுவார். நாளைக்கு நாலு தடவை அவளை ஒருக்களித்துப் படுக்கவைப்பார். முதுகு புண்ணாகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தோளிலும் இடுப்பிலும் கையைக் கொடுத்து உடம்பு முறுக்காமல் ஒரே வாட்டமாகத் திருப்ப வேண்டும். அவளாகத் திரும்ப முடியாது.

செய்கிற வேலையெல்லாம் கஷ்டமில்லை. பார்க்க வருகிறவர்களிடம் அவள் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பதுதான் கஷ்டம்.

"எம்மவன் பாவம், கடன வாங்கியாவது அம்மைக்கு ஊர் காட்டணும்னு கூட்டிட்டுப் போனான். இவியளும் வேலையெல்லாம் போட்டுட்டு எங்கூடவே கெடக்காவ. ரெண்டு பேரும் ஒரு குறை வைக்கல. எனக்குத்தான் குடுத்து வைக்கல, தலையெழுத்து."

தலையெழுத்து என்று அவள் சொல்லும்போதெல்லாம் கடற்கரை அடுப்படிக்குப் போய்விடுவார். சொல்லிவிடலாம் என்று பலமுறை பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வாய்வரை வரும். அவள், "என்ன, பசிக்கா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், வந்தது உள்ளே போய்விடும். விஜய்பாண்டியும் போனில் ஒரு தடவை, "நான் உங்க பேச்சக் கேக்காம பிரீமியமே போட்டிருக்கணும்பா" என்று அழுதான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. சொன்னால் எலும்பு கூடிவிடுமா என்று கடற்கரை தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். கூடாதுதான். ஆனால் சொல்லாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம் ஆகாது என்றும் அவருக்குத் தெரியும்.

ஆனி பிறந்து சாரல் இறங்கியது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. கபீர் பாய் கூப்பிட்டார், பழைய வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டார்கள். "வர முடியாது, வீட்டுல சொகமில்ல" என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொன்னார்.

அப்படி ஒரு மத்தியானம் அடுத்த வீட்டு சங்கரேஸ்வரி வந்தாள். முப்பிடாதியோடு சேர்ந்து பீடி சுற்றியவள். அதே வயது, அதே கூன். மகள் வேல்விழியைத் துபாயில் கட்டிக் கொடுத்திருந்தாள். மகள் வீட்டுக்குப் போக டிக்கெட் வந்துவிட்டதாம்.

"மதினி, ஒங்கள இப்படிப் படுக்கையில வச்சுக்கிட்டு இதக் கேக்கவே மனசு கூசுது. ஆனா போயிட்டு வந்தவிய நீங்கதான். ஐப்பசியில வெயிலு தாந்ததும் போறோம். அந்த மணலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு மருமவன் ஒத்தக்கால்ல நிக்காவ. அதுல பட்ஜெட்டு, பிரீமியம்னு ரெண்டு இருக்காம். எது போடன்னு வேல்விழி கேக்கா."

"ரெண்டா?" என்றாள் முப்பிடாதி. "எங்களுக்கு ஒண்ணுதாம்ட்டி இருந்துச்சு. இவியள்ட்ட கேளு, இவியளுக்கு அதெல்லாம் தெரியும்."

கடற்கரை கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அங்கன போகவே வேண்டாம்னு சொல்லிரு, சங்கரேஸ்வரி. வேற எடமா இல்ல?"

"அதுக்கு வழி இல்ல அண்ணாச்சி. சம்பந்தி வீட்டுக்காரவியளும் வாராவ. நான் மட்டும் வரலைன்னு மொரண்டு பிடிச்சா எம்மவளுக்குத்தான் பேச்சு விழும். வேல்விழி என்ன சொல்லுதான்னா, மணல்ல என்னம்மா வித்தியாசம், பட்ஜெட்டே போட்டுருவோம்ங்கா. நீங்களும் சரின்னா இன்னைக்கே போட்டுருவா."

சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, கட்டில் சட்டத்தை மறுகையால் பிடித்து, மூச்சை அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். கடற்கரை அதைப் பார்த்தார். இப்போது பேசாமல் இருந்தால் இந்தப் பெண்ணும் கடைசி சீட்டில் உட்காருவாள். பேசினால் கட்டிலில் கிடக்கிறவளுக்குத் தெரிந்துவிடும். புதிதாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று, வாயாலேயே பிழைத்த அந்த மனிதர் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"பிரீமியமே போடச் சொல்லு. அதுலதான் தனி வண்டி. முதுகுவலின்னு முன்னாலேயே சொல்லிட்டா மேட்டுப்பக்கம் போகாம, சமதரையில மெதுவாக் கூட்டிட்டுப் போவான். பட்ஜெட்டுல அது கெடையாது. நாம நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டான். கொறஞ்ச வெலன்னு வேல்விழி சொன்னா கேக்காத."

"சரி அண்ணாச்சி" என்று சங்கரேஸ்வரி தலையாட்டினாள். அப்போதே மகளுக்குப் போன் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பிரீமியம், பிரீமியம் என்று ரெண்டு தடவை சொல்வது வாசல்வரை கேட்டது.

முப்பிடாதி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கடற்கரை ஸ்பூனில் கஞ்சியை எடுத்து நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை.

"விஜய்பாண்டி ஒங்கள்ட்ட கேட்டானா?"

"கேட்டான்."

"தனி வண்டி இருக்குன்னு சொன்னானா?"

"சொன்னான். நாந்தான் வேண்டாம்னேன். ரெண்டும் ஒண்ணுதாம்னு சொன்னேன்."

"எனக்கு முதுகு வலிக்கும்னு ஒங்களுக்குத் தெரியும்லா."

"தெரியும்."

திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். வெளியே சாரல் ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கஞ்சியில் ஆடை கட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எந்தச் சொல்லில் கேட்பது என்று தெரியவில்லை. அவர்களுக்குள் அப்படி ஒரு சொல் புழங்கினதே இல்லை.

"ஏட்டி" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள். உடம்பு கூடவே போகவில்லை.

"என்னையச் சுவத்துப் பக்கமாத் திருப்பிப் போடுங்க."

கடற்கரை கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவள் தோளுக்கும் இடுப்புக்கும் கையைக் கொடுத்து, முறுக்காமல், ஒரே வாட்டமாக, தன்னிடமிருந்து அப்பால் திருப்பினார். முகம் சுவரோடு போனது. அவள் இந்தப் பக்கம் சரிந்துவிடாமல் இருக்க, முதுகுக்குப் பின்னால் தலையணையை அவரே அண்டக் கொடுத்தார்.